கொசுறாகப் போன புதினா

மணவாள நகரில் துலுக்காணத்தின் காய்கறி வண்டியை அறியாதவர் கிடையாது. "தக்காளீ..." என்று அவன் இழுக்கிற இழுப்பில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். மனிதன் கொஞ்சம் தாராளம். பெண்கள் பையை விரித்தபடி ஒரு நொடி கூடுதலாக நின்றால் போதும், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வந்து விழும். ஊரான் வீட்டு நெய்யா, இவன் வாங்கி வந்த தழைதானே என்று யாரும் கண்டுகொண்டதில்லை. சம்பூர்ணம் செடி வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் வம்பு வந்தது.

சம்பூர்ணம் அவன் மனைவி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். நாளெல்லாம் நின்று நின்று முட்டி வீங்கிப்போனதால் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு எந்தச் செலவுக்கும் துலுக்காணத்திடம்தான் கை நீட்ட வேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் "எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்பான். அந்த ஒரு சொல் அவளுக்கு முட்டி வலியைவிட அதிகம் வலித்தது.

எளாவூரில் கட்டிக் கொடுத்த தங்கை ரோஜா உண்டாகியிருந்தாள். பங்குனியில் வளைகாப்பு. அம்மா அப்பா இல்லாத பெண். தாய்வீட்டுச் சீர் என்று அக்காதான் போய் நிற்க வேண்டும். பட்டுப் புடவை, வளையல், கலந்த சாதம் என்று எல்லாவற்றையும் வைத்து நிரப்பிய தட்டுகளை "எதுக்கு?" கேட்காத காசில் தூக்கிப் போகவேண்டும் என்று அவள் மனதில் ஒரு வைராக்கியம் பிறந்துவிட்டது.

மொட்டை மாடி சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மீன்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் தெர்மாகோல் பெட்டிகளைப் பொறுக்கி வந்து கழுவி, அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினாள். சமையலுக்கு ஆய்ந்த புதினாவின் தண்டுகளை நட்டாள். தனியாவைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவினாள். அரிசி களைந்த தண்ணீர், புளித்த மோர் எல்லாம் மாடி ஏறின. தை மாதத்தில் மாடிப்படியில் கால் வைத்தாலே புதினா வாசனை மூக்கில் ஏறியது.

கட்டுக் கட்டி வண்டியில் வைத்துக் கொடுத்தாள். "வித்துக் குடு. அந்தக் காசு எனக்கு."

சாயங்காலம் வண்டி காலியாக வந்தது.

"எங்கய்யா காசு?"

"கொத்தமல்லிக்கு யாராவது காசு குடுப்பாங்களா? கொசுறு கேட்டாங்க, போட்டேன்."

"நான் வளத்தது கொசுறா?"

"இன்னாமே, பேஜாரு பண்றே? தழை குடுத்தாத்தான் கத்திரிக்கா விக்கும். வண்டின்னா அப்டிதான்."

மறுநாள் வாழைநாரால் இறுக்கி, கடைச் சரக்கு மாதிரி அழகாகக் கட்டிக் கொடுத்தாள். அதையும் பிரித்துப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தான். "உன் புதினாவ எல்லாரும் ஒசத்தியா பேசுறாங்க" என்று பெருமை வேறு. சம்பூர்ணத்துக்கு அழுகை வந்தது. பாராட்டை வைத்துக்கொண்டு புடவை எடுக்க முடியுமா?

அடுத்த நாள் துலுக்காணம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பிறகு, ஒரு கூடைப் புதினாவோடு ஸ்டேஷன் பக்கம் அப்துல் ரவூப்பின் பிரியாணிக் கடைக்குப் போனாள். வாசலில் நின்று தயங்கியவளை அவரே கூப்பிட்டார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார்.

"எங்கேந்தும்மா எடுத்தாரே?"

"எங்கூட்டு மாடிதான் பாய்."

"தெனம் காலையில நாஷ்டா நேரத்துக்கு எடுத்தாந்துடு. கையில காசு."

அவர் நீட்டிய பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தபோது முட்டி வலியே தெரியவில்லை.

மறுநாள் காலை துலுக்காணத்தின் கை வழக்கம்போலக் கூடைப் பக்கம் போனது.

"தொடாதே. அது வித்துப்போச்சு."

"யாருக்கு?"

"காசு குடுக்கிறவங்களுக்கு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். அன்றைக்கு மார்க்கெட்டில் வாங்கிய வாடல் தழையைத்தான் வண்டியில் போட்டிருந்தான். "இன்னாப்பா இது, மாடு தின்ற மாதிரி கீது? அந்தப் பழைய புதினா எங்க?" என்று ஜெனிபர் டீச்சர் முகம் சுளித்தார். அடுத்த தெருவிலும் அதே பேச்சு. கத்திரிக்காய் பாதி வீடு திரும்பியது. இரண்டு நாள் வீம்பாக இருந்தான். மூன்றாம் நாள் விடிந்ததும் மாடிப்படியில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் நாலு கட்டு குடு."

"காசு?"

சட்டைப் பையில் கை விட்டு எடுத்துக் கொடுத்தான். "எதுக்கு?" என்று இந்த முறை அவளால் கேட்டிருக்க முடியும். கேட்கவில்லை. வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

இறங்கப் போனவன் திரும்பினான். "கொசுறு?"

இரண்டு தண்டு கொத்தமல்லியைக் கிள்ளி அவன் தோளில் போட்டாள்.

பங்குனியில் எளாவூர் போனார்கள். ரோஜாவின் மாமியார் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரக்குப் பட்டுப் புடவையைத் தடவி, கரையைப் புரட்டிப் பார்த்தாள். சம்பூர்ணம் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையில் வளையல் போட்டுக்கொண்டிருந்தாலும் காது முழுக்க அங்கேதான் இருந்தது.

"இன்னா தம்பி, சீரு அமர்க்களமா கீது!" என்றாள் மாமியார் துலுக்காணத்திடம். "மச்சினிச்சிக்கு நல்லா செலவு பண்ணிக்கீறே."

சபை முழுவதும் அவனைப் பார்த்தது. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இருந்தாலே பெருமை அவனுக்கு வந்திருக்கும். கேட்டவர்களும் நம்பியிருப்பார்கள். ஆனால் துலுக்காணத்துக்குத் தெருமுனை வரை கேட்கிற குரல் அல்லவா?

"என் காசு ஒத்த ரூபா இல்லம்மா. அல்லாம் எங்கூட்டுக்காரி மாடியில வெளைஞ்சது. நான் சும்மா கொசுறா வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பூர்ணம் தலை நிமிரவில்லை. அடுத்த வளையலை எடுத்தாள். கண் நிறைந்திருந்ததில் அது சிவப்பா பச்சையா என்றே அவளுக்குத் தெரியவில்லை.