அப்பா ஒளித்து வைக்காத ஹால் டிக்கெட்

விழுப்புரத்தில் கல்லூரி முடித்த வருடம், இங்கிலாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். உதவித்தொகைக்காக ஒரு கட்டுரை கேட்டார்கள். வாழ்க்கையில் கடந்து வந்த பெரிய தடையைப் பற்றி எழுத வேண்டும். நான்கு நாள் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குத் திண்டிவனம் பக்கம் நிலக்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை, கிணறு, மோட்டார் எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்குக் குறை இருந்ததில்லை. அப்பா பத்தாவது வரை படித்தவர். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் காலையில் என்னை மொபெட்டில் கொண்டுபோய் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விட்டது அவர்தான். இங்கிலீஷ் பேப்பர் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, பஸ் வரும்வரை நான் படிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் தடைக்கு எங்கே போவது? இணையத்தில் பழக்கமாகி விண்ணப்பத்துக்கு உதவிக்கொண்டிருந்த ஓர் அக்கா, என் முதல் வரைவைப் படித்துவிட்டுப் போராட்டமே இல்லையே என்றாள்.

அப்போதுதான் ஹால் டிக்கெட் ஞாபகம் வந்தது. பன்னிரண்டாவது கணக்குப் பரீட்சை அன்று அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன். பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டு நின்ற என்னை விட்டுவிட்டு அப்பா ஊருக்குத் திரும்பிப் போய் எடுத்து வந்தார். மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. சட்டை முழுக்க வியர்வை. டிக்கெட்டில் ஈரம் படக்கூடாது என்று பாலிதீன் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

இதை அப்படியே தலைகீழாக்கினேன். மாப்பிள்ளை பார்த்துவிட்ட அப்பா ஹால் டிக்கெட்டை ஒளித்து வைத்தார் என்றும், மாட்டுக்கொட்டகையில் தேடி எடுத்து நான் தனியாக ஓடிப்போய்ப் பரீட்சை எழுதினேன் என்றும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதால் சுலபமாக இருந்தது. ‘மை ஃபாதர்’ என்று எழுதிய ஆள், பக்கத்து அறையில் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் இல்லை, வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

இடம் கிடைத்தது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் பருவத்தில், உதவித்தொகை தருகிறவர்களுக்கு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். நீண்ட மேசை, சுவர் நிறைய என்றோ செத்துப்போனவர்களின் ஓவியங்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வயதான அம்மையார் கட்டுரையைப் படித்திருந்தார். கண் கலங்க என் கையைப் பிடித்து, அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்றேன். சொல்லிவிட்டு சூப்பைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு பல பேருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை தேறியது. ஒரு தடவை அதில் அப்பா சத்தம் போட்டார். இன்னொரு தடவை கையை ஓங்கினார். பல்கலைக்கழகம் என் படத்தோடு அதைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது.

என் விழுப்புரம் கல்லூரியில் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். பெருமைப்பட்டுத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஒரே நாளில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஹால் டிக்கெட்ட ஒளிச்சி வெச்சது யாருடி?”

அப்பா படித்தாரா என்று மட்டும் கேட்டேன். டீக்கடையில் ஒருவர் போனை நீட்ட, இரண்டு தடவை படித்தாராம். வீட்டுக்கு வந்து, நான் எப்பவாவது அப்படிச் செய்தேனா என்று அம்மாவைக் கேட்டாராம். இல்லை என்றதும், குடிக்கிற ஆளாக இருந்தாலாவது மறந்துபோச்சு என்று சொல்லலாம் என்றாராம்.

ஜூலையில் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் மொபெட்டோடு நின்றிருந்தார். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். ஊர்ப் பாதையில் திரும்பியதும், தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“நீ மனசு நோகற மாதிரி எதுனா சொல்லிட்டனா பாப்பா? யோசிச்சிக்கினே கீறேன், ஞாபகம் வர்ல.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னது, “தமிழ்ல மாத்துனவங்க தப்பா எழுதிட்டாங்கப்பா.”

அவர் தோள் தளர்ந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன். அடுத்த இரண்டு நாளும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், அது மொழிபெயர்த்தவர்கள் செய்த தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரையில் ஹால் டிக்கெட் கதையை விலாவாரியாகச் சொன்னார்கள். மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் எழுந்து, நான் எழுதியது பொய், ஹால் டிக்கெட்டை மறந்தது நான், கொண்டுவந்து கொடுத்தது அப்பா என்று சொன்னேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவைச் சபையில் விட்டுக்கொடுக்காத பெண் என்று பேராசிரியர் மைக்கில் சொன்னார். யாரும் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே இறங்கியபோது ஒரு மாணவி என்னைத் தனியாக அழைத்தாள்.

“எங்க அப்பா நெஜமாவே புக்க கிழிச்சிட்டாருக்கா. உங்கள மாதிரி என்னால மன்னிக்க முடியல.”

கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நின்றேன். அவள் போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். திண்டிவனம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், “மேடையில சொன்னத வூட்லயே சொல்லியிருக்கலாம்” என்றார்.

இங்கிலாந்து திரும்பியதும் உதவித்தொகை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கூப்பிட்டு விசாரிப்பார்கள், அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நான்கு வரியில் பதில் வந்தது. பக்கத்தை நீக்கிவிட்டோம், உங்கள் நேர்மைக்கு நன்றி. அவ்வளவுதான். படிப்பை முடித்தேன். பட்டமும் வாங்கினேன்.

ஊரில் எதையும் நீக்க முடியவில்லை. போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், எதிரே உட்கார்ந்த உறவுக்காரர் அப்பாவைப் பார்த்து, பொண்ணு படிக்கக்கூடாதென்று ஒளித்து வைத்த ஆளாச்சே நீ என்று சிரித்தார். நான் மறுக்க வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

“ஆமா, வெச்சேன். அப்ப புத்தி இல்ல.”

அவரும் சிரித்தார். பெண் பொய்க்காரி என்று பெயர் எடுப்பதைவிட இது பரவாயில்லை என்று எப்போது முடிவு செய்தாரோ தெரியவில்லை. பரிமாற வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.