பதினைந்து சொல்லும் ஒரு காபியும்

என் தம்பி மித்வல்லி முப்பத்தொரு வருஷமாக எங்கள் கடலோரப் பேட்டையான அன்ஃபூஷியில், பயூமியின் காபிக்கடையில் பரிமாறுகிறவன். தாளும் பென்சிலும் தொட்டதில்லை. ஒன்பது மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஒருவருக்குப் புதினா டீ, ஒருவருக்குச் சோம்புத் தண்ணீர், ஒருவருக்குச் சர்க்கரை அளவாகப் போட்ட காபி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சர்க்கரையே இல்லாமல். இவன் தலையை ஆட்டிக்கொண்டே நடந்துபோய் அடுப்புக்காரனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கூவுவான். தட்டு வந்ததும் ஆளுக்கு ஆள் மாறாமல் வைப்பான். வைத்து முடித்த அடுத்த நிமிஷம், ஐந்தாம் மேசைக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். "குடுத்தாச்சு, போயாச்சு. அதையெல்லாம் தலையில வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" என்பான். அவன் வேலை அப்படி.

அவனுக்கு ஐம்பத்தெட்டு ஆன வருஷம், ஒரு மத்தியானம், படகுத் தச்சர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இருபது வருஷமாக வருகிறவர். பெயர் சொல்லி வரவேற்க வாயைத் திறந்தவனுக்குப் பெயர் வரவில்லை. காபி கொடுத்தான், சரியான காபிதான். ஆனால் அவர் எழுந்து போகிற வரைக்கும் பெயர் வரவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவன் மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு இப்படித்தான ஆரம்பிச்சுது?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான். எங்கள் அப்பா முதலில் படகுக்காரர்களின் பெயரை விட்டார், பிறகு தெருவின் பெயரை, கடைசியில் என்னை யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து, உட்காரம்மா என்று மரியாதையாகச் சொன்னார்.

"மாத்தி வச்சு நாலு பேரு சிரிக்கிறதுக்கு முன்னாடி நானே தட்டக் கீழ வச்சிடுறேன். பெருநாள் கழிஞ்சதும் பயூமிகிட்ட சொல்லிடப்போறேன்."

"ஒரு பேரு மறந்ததுக்கு ஒரு வேலையா? நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரு மறக்குறேன். என்னை எந்த வேலையிலேருந்து நிறுத்தப்போற?"

அவன் சிரிக்கவில்லை.

கடைக்குத் தன் அப்பாவோடு வருகிற டாக்டர் யும்னா என்ற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் பற்றிப் படிக்கிறவள். ஓர் ஆராய்ச்சிக்காக நோயில்லாதவர்களாகத் தேடிக்கொண்டிருந்தாள். தலையைப் படம் எடுப்பார்கள், சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்பார்கள், படத்துக்கும் ஞாபகத்துக்கும் என்ன உறவு என்று பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். மித்வல்லி மாட்டேன் என்றான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தான்.

படக்கருவி படகுப்பட்டறை மாதிரி இடித்ததாம். "ஹிலால் தச்சரு தலைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஹிலால். அந்தப் பெயர்தான்.

"பாத்தியா, வந்துடுச்சு," என்றேன்.

"வரவேண்டிய அன்னிக்கு வரலியே."

அப்புறம் சொற்கள். டாக்டர் பதினைந்து சொல் வாசித்தாள். மழை, சாவி, கழுதை, காபி, ஜன்னல், இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மூன்றுதான் நின்றது. இவன் உட்கார்ந்தபடி சொல்ல வராமல் எழுந்து நின்று, அடுப்புக்காரனைக் கூப்பிடுகிற குரலில் கூவினான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவள் மூன்றாம் முறை வாசித்ததும் பதினைந்தும் வந்துவிட்டது.

"காபிக்கு 'அளவாச் சர்க்கரை'ன்னு சேத்துட்டீங்க மாமா. அது பட்டியல்ல இல்ல," என்று டாக்டர் சிரித்தாள்.

"சும்மா காபின்னா எப்படிம்மா? எந்தக் காபின்னு அடுப்புக்காரன் கேப்பானே."

எனக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, முதலில் சொன்ன சொற்களை இப்போது சொல்லுங்கள் என்றாள். இவன் வாயைத் திறந்தான், மூடினான். மழை என்றான். கழுதை என்றான். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே நடந்தோம். கடையில் இடுப்பில் கட்டுகிற துணியைத் துவைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்தான்.

மறுநாள் நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அவன் மறக்கல. குடுத்துட்டான்," என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நீ கேட்ட, அவன் உன் மேசையில வச்சான். நீயும் தாள்ல டிக் போட்டு வாங்கிக்கிட்ட. வாங்குன காபியத் திருப்பிக் கேட்டா அவன் எங்கேருந்து கொண்டாருவான்?"

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்புறமும் கேப்போம், ஞாபகம் வச்சுக்கங்கன்னு முன்னாடியே சொல்லக்கூடாதுங்கிறது எங்க விதி. என் ஆராய்ச்சியில அன்னிக்கு வந்ததுதான் நிக்கும், அதை நான் மாத்த மாட்டேன். ஆனா அவருக்காக வேற பட்டியல் ஒண்ணு தனியாப் படிக்கிறேன். கூட்டிட்டு வாங்க."

"படத்துல என்ன இருந்துச்சு? அதைச் சொல்லு மொதல்ல."

"அவரு தலை. அவருகிட்டதான் சொல்லணும்."

அவளும் என்னை மாதிரி பிடிவாதக்காரிதான் என்று புரிந்துகொண்டேன்.

கடைக்கே போகாமல் உட்கார்ந்திருந்தவனை இரண்டு வாரம் நச்சரித்து அழைத்துப் போனேன். டாக்டர் திரையில் அவன் தலையைக் காட்டினாள். இரண்டு பக்கமும் உள்ளே சுருண்டு கிடந்த ஒன்றைத் தொட்டுக் காட்டி, இதற்குக் கடற்குதிரை என்றே பெயர், புதிதாகக் கேட்டதை நிறுத்தி வைக்கிற இடம், சொற்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கத்தது என்றாள். எங்கள் அப்பா தன் வலையில் மாட்டிய கடற்குதிரைகளைக் காயவைத்து எங்கள் கையில் கொடுப்பார். அதே வளைவு.

"என்னுது சுருங்கிடுச்சா?" மித்வல்லியின் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்க வயசுக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு. ஆனா மாமா, நல்லா இருக்கிறவங்க படத்தைப் பாத்து, இவரு இவ்வளவு ஞாபகம் வச்சிருப்பாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. சின்னதா இருந்தும் நிறைய வச்சிருக்காங்க. பெருசா இருந்தும் கொஞ்சமா வச்சிருக்காங்க. நூத்துக்கணக்கான பேரைச் சேத்துப் பாத்தாத்தான் லேசா ஒரு சாய்வு தெரியுது. அதுக்கும் அது மட்டுமே காரணமில்ல. ஒரு எடத்தையும் இன்னொரு எடத்தையும் கட்டுற நரம்பு இருக்கு, நீங்க பழகின பழக்கம் இருக்கு."

"அப்பாவுக்கு வந்தது எனக்கு வராதா?"

"அதை நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னிக்கு அது இல்ல. வருஷா வருஷம் வாங்க, பாத்துக்கிட்டே இருப்போம்."

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. இனிப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு புதிய பதினைந்து சொல் வாசித்தாள். அவன் கூவியதும், "இது இன்னும் மேசைக்குப் போகல. ஆளு வரல. நான் கேக்குற வரைக்கும் தட்டு உங்க கையிலதான்," என்றாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அரை மணி நேரம் அவள் கேட்ட வேறு கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். நடுவில் அவள் எங்கள் இருவருக்கும் காபி வரவழைத்துக் கொடுத்தாள். பரிமாறுகிறவனுக்கு ஒருவர் பரிமாறினால் கூச்சமாக இருக்காதா, தலையைக் குனிந்துகொண்டே குடித்தான்.

"இப்ப மேசைக்கு ஆள் வந்தாச்சு," என்றாள் டாக்டர்.

எழுந்து நின்று கூவினான். கயிறு, தேள், சோப்பு, மாதுளை. நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். பதினான்கு.

"ஒண்ணு பாக்கி, மாமா."

"இல்லியே. எல்லாம் ஆச்சு."

"காபி. அது இந்தப் பட்டியல்லயும் இருக்கு."

மித்வல்லி அவளை ஏதோ விவரம் தெரியாத புது வாடிக்கையாளரைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அதான் வந்துடுச்சேம்மா. குடிச்சிட்டோம்ல?"

டாக்டர் தாளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என் தம்பியும் சிரித்தான்.

பெட்டியிலிருந்து துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனான். நானும் போய் வாசல் ஓரத்தில் உட்கார்ந்தேன், டீ குடிக்கத்தான். தச்சர் வந்தார்.

"வாங்க ஹிலால் அண்ணே," என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கூவினான். கூவிவிட்டு, மறைக்காமல் சொன்னான்: "அன்னிக்கு உங்க பேரே வரலண்ணே. பயந்துட்டேன்."

"என் பேருக்கா பயந்தே? நான் ஏழு வருஷம் உன்னை மஹ்ரூஸ்னு கூப்பிட்டேன். நீயும் திரும்பிப் பாத்துக்கிட்டுதான இருந்தே? சரி, என் காபி எங்கடா, மஹ்ரூஸ்?"

மித்வல்லி அதற்குள் அடுப்புக்குப் பாதி தூரம் போயிருந்தான்.