ஹெமெல் மூடிய வழி

மெர்சியா நாட்டு அரசனுக்கும் பக்கத்துப் பவிஸ் நாட்டு அரசனுக்கும் ஆகாது. அதற்கு மெர்சியாக் குடியானவன் ஹெமெல் என்ன செய்வான்? ஆனாலும் நடுவே அகழி வெட்டி, அந்த மண்ணை இந்தப் பக்கம் கரையாகக் கொட்டும் வேலை அவன் தலையில்தான் விழுந்தது. ஊருக்கு இவ்வளவு என்று அளந்து விட்டார்கள். ஹெமெலின் ஊருக்கு வாய்த்த துண்டு, பாழாய்ப்போன துண்டு, அவன் மகள் மில்ரெத்தின் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

தாயில்லாத பெண். மேற்கே பவிஸ்காரன் இத்தெலுக்குக் கட்டிக்கொடுத்தபோது, கூப்பிடு தூரந்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் அனுப்பினான். இப்போது அவளுக்கு நிறைமாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அகழி விளிம்பு வரை ஓட்ஸ் ரொட்டியும் மோரும் கொண்டுவருவாள்.

"யப்பா, ரொம்ப ஆழமா வெட்டாத. உன் பேரன் விழுந்து தொலைப்பான்."

"உன் வாய்க்குப் பயந்து அவனே ஏறி இந்தப் பக்கம் வந்துருவான், போடி!"

கூடை கூடையாய்க் கரை உயர்ந்தது. முதலில் அவள் வீட்டு வாசல் மறைந்தது. பிறகு கூரையும் மறைந்தது. வேலையாட்கள் போய்வரக் கரையில் ஒரு வழி மட்டும் விட்டிருந்தார்கள். ஒரு காலையில் இத்தெல் அந்த வழியாக ஓடிவந்தான்.

"மாமா, வலி கண்டுருச்சு. உங்களத்தான் கேக்குறா."

ஹெமெல் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பினான். மேற்பார்வையாளன் ஓஸ்மோட் குறுக்கே வந்து நின்றான்.

"வேலை முடியாம ஒருத்தனும் நகரக்கூடாது. முடிச்சிட்டுப் போ, யாரு வேணாங்கறா?"

நம்பினான், பைத்தியக்காரன். கரைமேல் ஏறி இறங்கினால் ஆயிற்று, அது என்ன பெரிய மலையா என்று நினைத்தான். "எனக்காகடா, என் பொண்ணுக்காகடா" என்று ஊர்க்காரர்களைக் கெஞ்சினான், விரட்டினான். அவர்களும் பசி தாகம் பார்க்காமல் உழைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த வழியும் மூடியாயிற்று. கடைசிக் கூடையை ஹெமெலே கொட்டினான்.

"ஐயா, முடிச்சாச்சு. போயிட்டு வரேன்."

"எங்க போற? கரைல கால வச்சா ஈட்டிதான்."

"நீங்கதானய்யா போகச் சொன்னீங்க!"

"சொன்னேன். அப்ப இது எல்லை இல்ல. இப்ப எல்லை."

அடப்பாவி! இதைக் காலையிலேயே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையே. ஹெமெல் கரையடியிலேயே கிடந்தான். விடிந்ததும் அந்தப் பக்கமிருந்து இத்தெலின் குரல் கேட்டது.

"மாமா! இருக்கீங்களா?"

"இருக்கேன்யா! புள்ள பொறந்துச்சா?"

இத்தெல் ஓவென்று அழுதான். "ரெண்டு பேருமே போய்ட்டாங்க மாமா."

ஹெமெல் கரைமேல் பாய்ந்தான். காவலர்கள் இருவர் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். அவன் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினான்.

"முகத்தையாவது காட்டுய்யா எனக்கு!"

அங்கே ஆட்கள் கூடும் அரவம் கேட்டது. "தூக்குங்கடா, தலைக்கு மேல தூக்குங்க" என்று இத்தெல் சொல்வதும் கேட்டது.

"தூக்கிப் பிடிச்சிருக்கோம் மாமா. தெரியுதா?"

ஹெமெல் அண்ணாந்து பார்த்தான். கரை இருந்தது. அதற்கு மேலே வானம் இருந்தது.

"இன்னும் ஒசத்தணுமா மாமா?"

"வேணாம்யா" என்றான் ஹெமெல். "பாத்துட்டேன். நல்லாத் தூங்குறா. கொண்டு போங்க."