செந்நாய்க்கு வைத்த மருந்து

ஊர்ப்பகை வருமோ என்று பல வருடம் தயங்கினேன். முருகன்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

பூண்டியில் ஒரு மாட்டுக்காரர். காலையில் காவல் நாய்க்குத் திருநீறு பூசிய பிறகுதான் தனக்குப் பூசுவார். செந்நாய் அடித்துப்போட்ட கன்றில் விஷம் தடவலாம் என்று ஊர் கூடிப் பேசியபோது அவர் மட்டும் மறுத்தார்.

"வேணாங்க. தின்ன உசுரெல்லாம்ல போகும்? காவலுக்கு நாய் வளத்துக்கங்க."

"செந்நாய் என்ன, உமக்குச் சம்பந்தியாய்யா?"

சிரித்துக்கொண்டே வைத்தார்கள். தின்று செத்தது அவருடைய நாய். காவலில்லாத தொழுவத்தில் அடுத்த வாரமே செந்நாய்கள் அவர் கன்றுகளை அடித்தன. மாட்டுக்காரர் விஷம் வைத்தவர் வீட்டுக்கே போனார். நானும் கூட நின்றேன்.

"மருந்து மிச்சம் கெடக்காங்க? நானும் வைக்கணும்."

முருகா, வேணாம் என்று சொன்ன அதே வாய்தான் கேட்டது.

யாரிடமாவது இதைச் சொன்னால், அவரை உயர்த்துவதற்காக அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.