முப்பத்தாறு புள்ளி நான்கு

கார்த்திகேசு அண்ணன் வெளியே கிளம்பும்போது புறங்கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு இல்லையென்று தெரிந்த பிறகுதான் கதவைப் பூட்டுவார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் நான் அவருக்கு எதிர்வீடு. இதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன்.

அவர் எங்கள் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தார். அவர் மனைவி குமுதா அக்காவும் நானும் ஒரே மேசையில் பெட்டி கட்டினோம். நோய்க் காலத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவர் நெற்றியிலும் கருவியைக் காட்டிச் சூடு பார்ப்பது அண்ணன் வேலை.

"இந்தத் துப்பாக்கிய ஏமாத்திட்டு ஒரு கிருமியும் உள்ள போவாது" என்பார்.

"அடுப்புல பால் பொங்குறது தெரியாது, இவருக்குக் கிருமி தெரியுதாம் லா" என்பார் அக்கா.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. என் நெற்றியில் பார்த்தார்.

"முப்பத்தாறு புள்ளி நாலு. வேற ஒன்னும் இல்லையே தங்கச்சி?"

எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

பத்து நாளில் தொழிற்சாலையில் எங்கள் பகுதியில் மட்டும் பதினான்கு பேர் நோயில் படுத்தோம். எனக்கு இருமலோடு போயிற்று. குமுதா அக்கா மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. தகனத்தை அண்ணன் கைப்பேசியில்தான் பார்த்தார். பிறகு வேலையை விட்டார்.

"நான்தான் அத உள்ள விட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் மின்தூக்கிக்குக் காத்திருந்தோம். ஒன்பதாம் மாடியில் இருக்கும் மருத்துவமனைத் தாதி நஸீஹாவும் நின்றாள்.

அண்ணன் கேட்டார். "மிஸ்ஸி, காய்ச்சலே இல்லாம ஒருத்தர் எப்படி அதக் கொண்டாருவாங்க?"

"கிருமி பூந்த ஒடனே அந்தச் செல்லு பக்கத்துச் செல்லுங்களுக்குச் சத்தம் கொடுக்கணும் அண்ணே. இன்டர்ஃபெரான்னு ஒன்ன வெளிய அனுப்பும். காய்ச்சல், ஒடம்பு வலி எல்லாம் பாதி அதனாலதான் வருது. இந்தக் கிருமி உள்ள வந்ததும் மொதல்ல அந்தச் சத்தத்த அமுக்கிடும். ஒடம்பு முழிச்சுக்கிறதுக்குள்ள மூக்குல பெருகிடும். ஒங்க துப்பாக்கி என்னா செய்யும்?"

"அப்ப வந்த ஆளுக்கே தெரியாதா?"

"தெரியாது. சில பேருக்கு வாசனை மட்டும் போயிருக்கும்."

அந்தத் திங்கட்கிழமை விடியலில் நான் சம்பலுக்காக இறால் விழுதான பிளாச்சானை வாட்டினேன். வீடே நாறியிருக்க வேண்டும். எனக்கு ஒரு மணமும் வரவில்லை. மூக்கடைப்பு என்று நினைத்தேன். மூக்கு அடைத்திருக்கவில்லை.

மின்தூக்கி வந்தது. அண்ணன் ஏறவில்லை.

"பாவம். அது யாரா இருந்தாலும் ஒன்னும் தெரியாமத்தான் வந்திருக்கும். இல்ல தங்கச்சி?"

தலையை ஆட்டினேன்.

இப்போது அவர் யாரிடமும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. நான் தினமும் காலையில் பிளாச்சான் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.