பளிச்சென்று தெரியும் கேலக்ஸி

போன ஞாயிறு பொன்னமராவதியில் ஒரு பெண் பார்க்கும் படலம். பெண், என் நண்பர் சுப்பையாவின் மகள் தேன்மொழி. புனே பக்கம் ரேடியோ டெலஸ்கோப்பை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். முடிக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கோ உடனே கல்யாணம் - படிப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தால் போதுமாம். சுப்பையா முக்கால்வாசி சம்மதித்துவிட்டார். பெண் வீட்டுச் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நன்றாகப் பேசுவான் என்று நம்புகிற அப்பாவி!

கேசரி முடிந்து பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பேச்சை ஆரம்பித்தார். சுப்பையாவுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

“நம்ம வீடு பெரிய குடும்பம்த்தா. எப்பவும் கலகலன்னு இருக்கும். ஆமா, நீ அங்கிட்டு என்னதான் படிக்கிறே?”

இந்தக் கேள்விக்கு ‘சயின்ஸ்’ என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வதுதான் வழக்கம். தேன்மொழிக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை போல... உற்சாகமாகிவிட்டாள்.

“கேலக்ஸின்னா கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்தது அத்தை. சில எடத்துல ஆயிரம் கேலக்ஸி நெருக்கமாக் கூடி இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள்ள புதுசா ஒண்ணு வந்து விழுந்தா, அதோட கேஸ், அதான் வாயு, எல்லாம் போயிரும். கேஸ் இருந்தாத்தான் புது நட்சத்திரம் பொறக்கும்.”

“அப்ப அது செத்துருமா?”

“இல்லங்கத்தை. ரேடியோ டெலஸ்கோப்புல பாத்தா முன்னைவிடப் பளிச்சுன்னு தெரியும். சுத்தி இருக்கற அழுத்தம் அப்படி. பாக்கறவங்க, ஆகா, நட்சத்திரம் நெறையப் பொறக்குதுன்னு நெனைச்சுருவாங்க. அந்தத் தப்பத்தான் நான் சரி பண்றேன்.”

சுப்பையா என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். வேண்டுமென்றே குத்துகிறாளா, இல்லை வெகுளியா?

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். “கேஸ யாரு புடுங்குறா?”

“யாரும் வேணும்னு புடுங்கல. உள்ள வர்ற வேகத்துல தானா உருவிப் போயிரும்.”

மாப்பிள்ளை செல்போனை நோண்டினார்.

“நானும் டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவதான்” என்றார் அந்த அம்மா. “என்னையும் யாரும் வேலைக்குப் போகாதேன்னு சொல்லல. ஆனா ஒரு நாளும் போகல.”

தேன்மொழி பதறிவிட்டாள். “ஐயோ அத்தை, நான் நெசமாவே கேலக்ஸியத்தான் சொன்னேன்!”

“தெரியும்த்தா.” சுப்பையா பக்கம் திரும்பினார். “படிச்சு முடிக்கட்டும்ண்ணே. நாங்க காத்திருக்கோம்.” மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எத்தனையோ வீடுகளுக்குப் பெண் பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். பெண் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளையின் அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன்.