வேற நிலம்

எங்கள் அத்தைக்கு வாய் என்றால் வாய். அப்பாவுக்கு அக்கா. குடவாசலிலிருந்து பஸ் ஏறி வருவாள். வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"மூணு போகமும் பதராப் போச்சே தம்பி! நிலம் சரியில்லன்னா வேற நிலம் பாக்கறதுதானே குடியானவனுக்கு அழகு?"

நாங்கள் மூன்று பெண்கள், நான்தான் மூத்தவள். அத்தை சொன்ன நிலம் அம்மா, பதர் நாங்கள் என்று ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஆறாம் வகுப்பு மக்கு! நாங்கள் உழுததே குத்தகை நிலம், அதைத்தான் மாற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முத்துப்பேட்டைப் பக்கம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா போய்ப் பார்க்க வேண்டுமாம். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. அம்மா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவேயில்லை.

அதே வெள்ளிக்கிழமைதான் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸம்மா வருவதாக இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு உடம்பு எப்படி வளரும், குழந்தை எப்படி உண்டாகும் என்று சொல்லித் தருவார்களாம். அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் வகுப்பில் உட்காரலாம் என்றார் டீச்சர். நான் வீட்டில் போய் அப்படியே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"கருமம், கருமம்! சம்மதம்ங்கறது கல்யாணத்துக்குக் கேக்கறதுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அத்தை.

"யாரும் போகக் கூடாது" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வயலில் நடவு. சம்மதம் கிடைக்காதவர்களைப் புங்கமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நானும் அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, இடுப்பில் தூக்கிச் செருகிய புடவை. நடவைப் பாதியில் போட்டுவிட்டு, அப்பா கண்ணில் படாமல் ஓடி வந்திருக்கிறாள்.

"சம்மதம் டீச்சர்" என்றாள்.

சொன்னவள் திரும்பிப் போகவில்லை. நானும் கேக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு, என்னோடு வகுப்புக்குள் வந்து கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

நர்ஸம்மா போர்டில் படம் போட்டு என்னென்னவோ சொன்னார். எனக்குப் பாதி புரியவில்லை. திடீரென்று அம்மா எழுந்து நின்றாள்.

"அப்ப, பொண்ணாப் பொறக்கறது பெத்தவ குத்தம் இல்லீங்களா?"

"இல்லவே இல்லம்மா. ஆணா பொண்ணாங்கறது ஆம்பளைகிட்டேருந்து வர்ற விதையில இருக்கு. அது அவர் கையிலயும் இல்ல. நிலம் என்ன பண்ணும்? போட்டதைத்தானே முளைக்க வைக்கும்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அம்மா. நர்ஸம்மாவுக்கு விவசாயம்கூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

சாயங்காலம் அத்தை பட்டுப்புடவையில் வந்து நின்றாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா காலைக்கூடக் கழுவாமல் வாசற்படியை மறித்து நின்றாள்.

"நிலத்துல குத்தமில்லையாம் அண்ணி. விதை எதுவோ அதுதான் முளைக்குமாம். நர்ஸம்மா சொன்னாங்க."

"அடிப்பாவி! அங்க போனியா?" என்று அலறினாள் அத்தை. அப்பாவின் முகம் கறுத்தது. கையை ஓங்கிவிட்டார். அம்மா நகரவில்லை. அவளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

"ஆமாப்பா, நானும் கேட்டேன்! நீங்க வேற நிலம் பாத்தாலும் இதே விதையைத்தானே போடுவீங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பா என்னையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அத்தை தனியாகத்தான் பஸ் ஏறினாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவள் நிலத்தைப் பற்றிப் பேசியதேயில்லை.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அப்படியொரு அழுகை. சேற்று வாடையில் எனக்கு மூச்சு முட்டியது.

"நிலம்தான் கைய விட்டுப் போகலையேம்மா, அப்புறம் எதுக்கு அழுவுற?" என்று கேட்டேன்.